தலை சாய்ந்த முயலைத் தாங்கிப் பிடித்த 28 நாள்கள்!

கடுமையான நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு, வீட்டு முயலைப் பார்த்துக்கொள்வது எப்படி?

'வீட்டில் வளர்க்கும் முயலுக்குத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. டாக்டரிடம் காட்டினோம். கஷ்டம் என்கிறார். பிள்ளைகள் அழுகிறார்கள். என்ன செய்வது?' - ஆடு, மாடு, கோழி பற்றிய கேள்விகளுக்கு நடுவே இப்படியான கடிதங்களும் நமக்கு வந்துகொண்டிருக்கின்றன. கறிக்காக நாலு கூண்டு முயல் வளர்த்து, பிறகு விட்டுவிட்ட வீடுகளில் ஒன்றிரண்டு முயல்கள் பிள்ளைகளின் செல்லமாகத் தங்கிவிடுகின்றன. அவற்றுக்கு நோய் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். அதே நிலையைக் கடந்து வந்த ஒரு குடும்பத்தைச் சந்திக்க, திண்டுக்கல் மாவட்டம், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்துக்குச் சென்றோம்.

இரண்டரை ஏக்கர் நிலம். முருங்கையும் சின்ன வெங்காயமும் போட்டிருக்கிறார்கள். இரண்டு கறவை மாடுகள், ஏழு ஆடுகள். திண்ணையோரம் தக்காளிப் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து, சாம்பல் நிற முயல் ஒன்று அருகம்புல்லை மென்றுகொண்டிருந்தது. தலை மட்டும் இடதுபுறம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. யாரோ சொல்வதை உன்னிப்பாகக் கேட்பதுபோல ஒரு பார்வை.

"பேரு பஞ்சு. மூணு வயசாகுதுங்க. பாப்பா நாலாவது படிக்கிறப்ப, பக்கத்து ஊருல முயல் வளர்க்கிறவர்கிட்ட 400 ரூபாய்க்கு வாங்குனது. எங்க பேரு, ஊரு பேரெல்லாம் போட வேண்டாம். 'முயலுக்கு வைத்தியம் பார்த்த குடும்பம்'னு ஏற்கெனவே ஊருக்குள்ள கேலி பண்ணிக்கிட்டு இருக்காங்க" என்று சிரித்தபடியே ஆரம்பித்தார், அந்த வீட்டு அம்மா.

'சுளுக்குன்னு நினைச்சோம்!'

"மாசி மாசக் கடைசி. காலையில தீவனம் வைக்கப் போனா, தலையைத் திருப்பிக்கிட்டு ஒரே பக்கமா வட்டம் சுத்துது. கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல ஆடிக்கிட்டே இருக்குது. தூக்குனா, கையிலேயே உருளுது. 'சுளுக்கு விழுந்திருக்கும், நல்லெண்ணெய் போட்டு நீவி விடு'ன்னாங்க மாமியார். 'இது தேறாது, இன்னிக்கே அறுத்துரு'ன்னார் மாமனார். பாப்பா அதைக் கேட்டுட்டு, முயலைத் துணியில சுத்தித் தூக்கிக்கிட்டுப் போய் அறையில கதவைச் சாத்திக்கிட்டா.

நான் ஒரு தப்பு பண்ணினேங்க. பையனுக்குக் காய்ச்சலுக்கு வாங்கின ஆன்டிபயாடிக் சிரப்பு பாதி மிச்சம் இருந்துச்சு. 'காதுல சீழ் இருந்தா இப்படித்தான் சாயும். இதைக் கொடு'ன்னு ஒருத்தர் சொன்னார். ரெண்டு நாள் கொடுத்தேன். மூணாம் நாள் சாப்பாட்டையே நிறுத்திருச்சு. தண்ணியாக் கழிய ஆரம்பிச்சுருச்சு. அப்புறம்தான் டவுன்ல இருக்கிற கால்நடை டாக்டர்கிட்ட ஓடினோம். சிரப்பு பாட்டிலையும் கையில எடுத்துட்டுப் போனேன். அதைப் பார்த்ததும், 'நல்லவேளை, மூணாம் நாளே வந்தீங்க. நோய் கொல்லுறதுக்கு முன்னாடி இந்த மருந்து கொன்னிருக்கும்மா'ன்னார்" என்கிறார், அந்த அம்மா.

அந்த பாட்டிலில் இருந்தது அமாக்ஸிசிலின். குழந்தைக்கு நல்ல மருந்து. முயலுக்கு வாய்வழி கொடுத்தால் விஷம். முயலின் குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்தான் புல்லைச் செரிக்க வைக்கின்றன. பெனிசிலின் வகை மருந்துகள் வாய்வழி போகும்போது அவை அழிந்து, தீமை செய்யும் பாக்டீரியா பெருகி, நஞ்சைச் சுரக்கும். அதனால் கழிச்சல் கண்டு இறந்துபோகும். இதை முயல் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இரண்டு காரணங்கள், ஒரு முடிவு

தலை சாய்வுக்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நடுக்காது, உள்காதில் பாக்டீரியா தொற்று. முயலுக்குச் சளி உண்டாக்கும் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் காதுக்குள் ஏறி, உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பைப் பாதிக்கும். இன்னொன்று, என்செஃபாலிட்டோசூன் குனிகுலி என்ற ஒட்டுண்ணி நுண்ணுயிர். இது சிறுநீர் மூலம் ஒரு முயலிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். தாயிடமிருந்து குட்டிக்கும் வரலாம். பல முயல்களின் உடம்பில் இது ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறையும்போது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

ரத்தப் பரிசோதனை செய்தாலும், இந்த நுண்ணுயிர் எப்போதாவது உடம்புக்குள் வந்திருக்கிறதா என்பதுதான் தெரியும். இப்போதைய நோய்க்கு அதுதான் காரணம் என்று உயிரோடு இருக்கும் முயலில் அடித்துச் சொல்வது கடினம். அதனால் காதைச் சோதித்து, அறிகுறிகளைப் பார்த்து, தேவைப்பட்டால் இரண்டு காரணங்களுக்கும் சேர்த்தே மருந்து கொடுப்பது வழக்கம்.

"'மூளையைப் பாதிச்சிருக்கு. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பிழைச்சாலும் தலை முழுசா நேராகும்னு சொல்ல மாட்டேன். 28 நாள் மருந்து கொடுக்கணும். ஆனா, மருந்தைவிட நீங்க பார்த்துக்கிறதுலதான் இருக்கு'ன்னு டாக்டர் சொன்னார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவைப் பார்த்தேன். 'சரிங்க டாக்டர், பார்க்கிறோம்'னு சொல்லிட்டோம்" என்கிறார் அந்த அம்மா.

ஆட்டு மருந்துதான்... ஆனால், அளவு வேறு!

இந்த ஒட்டுண்ணிக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் மருந்து ஃபென்பென்டசோல். ஆடு, மாடுகளுக்குக் குடற்புழு நீக்கத்துக்கு நாம் கொடுக்கும் அதே மருந்துதான். 'அப்படியானால் வீட்டிலேயே இருக்கிறதே' என்று யாரும் கைவைத்துவிடக் கூடாது.

முயலுக்கு வழக்கமான அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு 20 மில்லிகிராம். தினமும் ஒருமுறை, 28 நாள்கள். 2.4 கிலோ முயலுக்குக் கணக்குப் போட்டால் 48 மில்லிகிராம். 150 மில்லிகிராம் மாத்திரையை அப்படியே கொடுத்தால், மூன்று மடங்கு போய்விடும். அதிக அளவில், தொடர்ந்து கொடுத்தால் ரத்த அணுக்கள் உருவாவது பாதிக்கும். திரவ மருந்தும் பல வீரியங்களில் வருகிறது. அதனால், முயலை எடை போட்டு, கையில் இருக்கும் மருந்தின் வீரியத்தைக் காட்டி, 'ஒரு நாளைக்கு எத்தனை மில்லி' என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். காதுத் தொற்றுக்கான ஆன்டிபயாடிக், தலைசுற்றலுக்கான மருந்து, வலி மருந்து எல்லாமே அவர் கொடுத்தால் மட்டும்தான். நான்காம் நாளே நன்றாகத் தெரிகிறது என்று பாதியில் நிறுத்தவும் கூடாது.

சாப்பாடுதான் உயிர்

முயலின் வயிறும் குடலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். மாடு ஒருநாள் இரை எடுக்காவிட்டால் நமக்கு நேரம் இருக்கிறது. முயலுக்கு அப்படியில்லை. 12 மணி நேரம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலே ஆபத்து. குடல் நின்று, வாயு சேர்ந்து, கல்லீரலில் கொழுப்பு படிந்து, வந்த நோய்க்கு முன்பே பட்டினி முந்திக்கொள்ளும். தலை சுற்றும் முயலுக்குப் பசி இருந்தாலும், தீவனத் தட்டு எங்கே என்று பிடிபடாது. நாம்தான் வாயருகே கொண்டுபோக வேண்டும்.

"முதல் ஆறு நாள் வாயில ஊட்டினோங்க. குச்சித் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணியில ஊறவெச்சு, மிக்ஸியில அரைச்சு, கஞ்சியாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சுல கொடுத்தோம். காலையில அஞ்சு மணிக்கு பாப்பா. ஒன்பது மணிக்கு நான். மதியம் மாமியார். சாயங்காலம் மறுபடியும் பாப்பா. ராத்திரி பத்து மணிக்கு எங்க வீட்டுக்காரர். தண்ணி பாய்ச்சப் போறவர், ஊட்டிட்டுத்தான் போவார்" என்று நினைவுகூர்கிறார், அந்த அம்மா.

ஊட்டும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். முயலைத் துண்டில் சுற்றி, நான்கு காலும் தரையில் படும்படி உட்கார வைக்க வேண்டும். குழந்தைக்கு மருந்து ஊற்றுவதுபோல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. அப்படிப் பிடித்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் பல் இல்லாத இடைவெளி இருக்கும். அங்கே சிரிஞ்சின் முனையை வைத்து, ஒரு மில்லி விட்டு, மென்று விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த மில்லி. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 50 மில்லி கஞ்சி என்று வைத்துக்கொண்டு, நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். இரண்டு கிலோ முயல் என்றால், வேளைக்கு 20 மில்லி. முதல் நாள் பாதி அளவில் ஆரம்பிப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. வயிறு உப்பி, தட்டினால் மத்தளம்போல இருந்தால் எதையும் ஊட்டக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கஞ்சி ஊட்டினாலும், பசும்புல்லை விடக் கூடாது. அருகம்புல், முள்முருங்கை இலை, கொத்தமல்லித் தழை, வேலிமசால் ஆகியவற்றைத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு வாயருகே பிடித்தால் தானாகக் கடிக்க ஆரம்பிக்கும். அதுதான் தேறுவதற்கான முதல் அறிகுறி. ஈரத் தழையில் தண்ணீரும் உள்ளே போய்விடும். இந்த நுண்ணுயிர் சிறுநீரகத்தையும் பாதிப்பதால், தண்ணீர் குறையவே கூடாது. முருங்கைக்கீரை, அகத்தி, குதிரைமசால் ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சிறுநீர் சுண்ணாம்புத் தண்ணீர்போலக் கெட்டியாக வந்தால், இவற்றைக் குறைத்துவிட வேண்டும். 'பாவம், சாப்பிட மாட்டேங்குதே' என்று சோறு, பிஸ்கட், பிரெட் கொடுக்கக் கூடாது. மாவுச்சத்து குடலைக் கெடுத்துவிடும்.

தக்காளிப் பெட்டியே ஆஸ்பத்திரி

உருளும் முயலைக் கம்பிக் கூண்டில் விட்டால், அடிபட்டு கண்ணையும் காலையும் ஒடித்துக்கொள்ளும். இவர்கள் ஒரு பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டியை எடுத்து, அடியில் சாக்கு, அதன்மேல் பழைய பருத்திச் சேலையை மடித்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணைவாக வைத்திருக்கிறார்கள். உடம்பு எதன்மீதாவது சாய்ந்திருந்தால் சுற்றல் பயம் குறைந்து, உருள்வதும் குறையும். சத்தம், நாய், கோழி அண்டாத மூலையில் பெட்டியை வைக்க வேண்டும். அடிக்கடி தூக்கக் கூடாது. தூக்கும்போது நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும்.

"பாதிச் சேலை தினமும் நனைஞ்சுரும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு மாத்துவோம்" என்கிறார், அந்த அம்மா. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நோயுற்ற முயலால் உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள முடியாது. பின்பக்கம் சிறுநீரிலும் மலத்திலும் ஊறிக் கிடந்தால் தோல் வெந்துவிடும். ஈ முட்டை வைத்தால், ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆட்டுக்குப் புண்ணில் புழு வைப்பதைவிட வேகமாக முயலைக் கொன்றுவிடும். தினமும் இரண்டு வேளை வாலைத் தூக்கிப் பார்த்து, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். முழு முயலையும் குளிப்பாட்டக் கூடாது.

கீழ்ப்பக்கம் சாய்ந்திருக்கும் கண்ணில் தூசி உரசிப் புண்ணாகும். மேல்பக்கக் கண் சரியாக மூடாமல் காய்ந்துபோகும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து இரண்டு கண்களையும் துடைத்து, டாக்டர் கொடுத்த களிம்பைப் போட வேண்டும். ஸ்டீராய்டு கலந்த கண் மருந்து, காது மருந்து எதையும் கேட்காமல் போடக் கூடாது.

முயல் இரண்டு வகைப் புழுக்கை போடும். ஒன்று நமக்குத் தெரிந்த காய்ந்த உருண்டை. இன்னொன்று திராட்சைக் கொத்துபோல ஒட்டிய மிருதுவான புழுக்கை. இதை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்றுவிடும். அதில்தான் வைட்டமின்களும் புரதமும் இருக்கின்றன. தலை சாய்ந்த முயலால் குனிந்து எடுக்க முடியாது. அது பெட்டியில் கிடந்தால், அருவருப்புப் பார்க்காமல் எடுத்து வாயருகே வைத்துப் பாருங்கள். தின்னும்.

வெயிலும் கவனிக்க வேண்டியது. 35 டிகிரியைத் தாண்டினால் நல்ல முயலே திணறும். இவர்களின் 28 நாள்களும் பங்குனி வெயிலுக்குள் நுழைந்தன. பெட்டியின் வெளிப்பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

நோட்டுப் புத்தகமும் வெங்காயத் தராசும்

சிறுமி ஒரு நோட்டை எடுத்து வந்து காட்டினாள். தேதி, எடை, எத்தனை மில்லி கஞ்சி, எத்தனை புழுக்கை என்று நான்கு கட்டங்கள். ஆரோக்கியமான முயல் ஒரு நாளைக்கு 200 புழுக்கைக்கு மேல் போடும். நோட்டில் முதல் நாள் 11. மூன்றாம் நாள் 34. ஆறாம் நாள் 90. அன்றைக்குத்தான் முயல் தானாகப் புல்லைக் கடித்திருக்கிறது. 'ஜாலி' என்று பக்கத்தில் எழுதி இருக்கிறாள்.

எடை, வெங்காயம் நிறுக்கும் தராசில் போட்டது. நோய் வந்தபோது 2.4 கிலோ. ஆறாம் நாள் 2.05 கிலோ. 28-ம் நாள் 2.2 கிலோ. நாம் சென்றிருந்த ஆடி மாதத்தில் 2.35 கிலோ. "டாக்டர்கிட்ட போறப்ப இந்த நோட்டைத்தான் முதல்ல வாங்கிப் பார்ப்பார்" என்கிறாள்.

உண்மையில், வீட்டு வைத்தியத்தில் மிகவும் பயனுள்ள கருவி இந்த நோட்டுதான். முயல் வலியை வெளியே காட்டாது. காட்டில் பலவீனத்தைக் காட்டினால் நரி பிடித்துவிடும் என்ற சுபாவம், கூண்டிலும் போகாது. 'இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லைபோல' என்று நம் மனம் சொல்வதை நம்ப முடியாது. எடையும் புழுக்கையும் பொய் சொல்லாது. புழுக்கை சிறுத்தாலும், எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் குன்றி உட்கார்ந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கணக்கும் மனசும்

குடும்பத் தலைவரிடம் செலவைக் கேட்டோம். "மருந்து, ஆட்டோ, சிரிஞ்சு எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். முயல் விலை 400. கணக்குப் பார்த்தா நட்டம்தாங்க. அம்பது முயல் வெச்சுருந்தா நான் இப்படிச் செஞ்சிருக்க மாட்டேன். நோயாளியை ஒதுக்கிட்டு, மத்ததைக் காப்பாத்தியிருப்பேன். ஆனா, இது பண்ணை முயல் இல்ல, பிள்ளை மாதிரி வளர்ந்தது" என்றார்.

அவர் சொல்வது சரிதான். பண்ணையாக வளர்ப்பவர்கள், தலை சாய்ந்த முயலை உடனே தனிமைப்படுத்தி, டாக்டரின் யோசனைப்படி கழித்துவிடுவதே மற்ற முயல்களுக்குப் பாதுகாப்பு. அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. செல்லமாக வளர்ப்பவர்களும் தங்களால் முடிந்த செலவை, நேரத்தை முதலிலேயே டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. அதற்கு ஏற்ற வழியை அவர் சொல்வார்.

இன்னொன்றையும் பேச வேண்டும். எல்லா முயலும் பஞ்சுபோலத் தேறிவிடாது. ஊட்டியதையும் விழுங்க மறுப்பது, விடாமல் உருண்டுகொண்டே இருப்பது, நாளுக்கு நாள் எடை குறைவது, மூச்சுக்குத் திணறுவது, படுத்த இடத்தில் புண் விழுவது - மருந்து ஆரம்பித்து நாள்கள் கடந்தும் இவை கூடிக்கொண்டே போனால், அது வலியில் கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது டாக்டர் மூலம் ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். பிள்ளைகளிடம் 'காட்டுக்குப் போயிருச்சு' என்று பொய் சொல்லாமல், 'வலி தாங்க முடியல. இனி வலிக்காது' என்று உண்மையைச் சொல்லுங்கள். கிணறு, வாய்க்காலுக்குத் தள்ளி, நாய் தோண்டாதபடி மூன்றடி ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதைக்கலாம். மருந்து கொடுத்த முயலைக் கறியாக்கவோ, விற்கவோ கூடாது.

"இந்த அறிகுறியை எல்லாம் டாக்டர் எங்களுக்கும் முதல் நாளே சொல்லிட்டார். 'பத்து நாள்ல தானா சாப்பிடலைன்னா கூட்டிட்டு வாங்க, முடிவு பண்ணலாம்'னார். பாப்பாகிட்டயும் சொல்லித்தான் வெச்சிருந்தோம். அதனாலதானோ என்னமோ, அந்த ஆறாம் நாள் புல்லைக் கடிச்சப்ப வீடே கூடி நின்னு பார்த்தோம். 'மறுபடியும் வரலாம், கவனமா இருங்க'ன்னு டாக்டர் சொல்லியிருக்கார். வந்தா, என்ன செய்யணும்னு தெரியும்" என்ற அந்த அம்மா, பால் கறக்கக் கிளம்பினார். அன்று 'அறுத்துரு' என்ற தாத்தா, வயலிலிருந்து ஒரு கைப்பிடி அருகம்புல்லோடு வந்துகொண்டிருந்தார்.

முயலுக்கு ஆகாதவை

* வாய்வழி கொடுக்கும் பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், லின்கோமைசின், கிளின்டமைசின், எரித்ரோமைசின்.
* நாய்க்கு உண்ணி, தெள்ளுப்பூச்சி ஒழிக்க அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்து.
* மனிதர்களுக்கான வலி மாத்திரைகள்.
* அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி போடுவது. முயல் வாந்தி எடுக்காது என்பதால் அது தேவையில்லை, ஆபத்தும்கூட.
* காதுக்குள் எண்ணெய், மூலிகைச் சாறு ஊற்றுவது. செவிப்பறை கிழிந்திருந்தால் நேராக உள்காதுக்குப் போய்விடும்.

எங்கே காட்டலாம்?

முதலில் பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகம். எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். பயணத்தின்போது காற்றோட்டமான பெட்டியில், ஈரத் தழையோடு, வெயிலுக்கு முன் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

நீங்கள் கேட்டவை

'என் முயலுக்குக் கீழ்த்தாடையில் கட்டி. கீறிச் சீழ் எடுத்தும் ஒரே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. ஏன்?'

முயலின் சீழ் மற்ற கால்நடைகளுக்கு வருவதுபோல நீர்த்து ஓடாது. கட்டித் தயிர்போல, உறை கட்டி இருக்கும். கீறிவிட்டால் மட்டும் வெளியேறாது. பெரும்பாலும் கடைவாய்ப் பல்லின் வேரிலிருந்துதான் இந்தக் கட்டி தொடங்கும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் நிறைந்த புல்லை மென்றால்தான் தேயும். எக்ஸ்ரே எடுத்து, உறையோடு அகற்றி, பாதித்த பல்லையும் பார்க்க வேண்டியிருக்கும். பிறகு வாரக்கணக்கில் புண்ணைக் கழுவி, மென்மையான தீவனம் ஊட்ட வேண்டும். அதற்குத் தயாரா என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

'நாலு வயதுப் பெண் முயல் சிவப்பாகச் சிறுநீர் கழிக்கிறது. புற்றுநோயாக இருக்குமா?'

சில தழைகளைத் தின்றாலும் சிறுநீர் சிவக்கும். அதில் பயமில்லை. ஆனால், சிறுநீர் கழித்து முடிக்கும்போது ரத்தம் கட்டியாக வந்தால், சிறுநீர்ப்பைக் கல்லாகவோ, கருப்பைக் கோளாறாகவோ இருக்கலாம். வயதான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வரும். மற்ற உறுப்புகளுக்குப் பரவும் முன் கருப்பையை எடுத்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

'தலை சாய்வு நோய் பிள்ளைகளுக்குத் தொற்றுமா?'

ஆரோக்கியமானவர்களுக்குப் பயம் மிகக் குறைவு. ஆனால், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் என எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அந்த முயலையும் அதன் சிறுநீரையும் தொடாமல் இருக்க வேண்டும். மற்றவர்கள் பெட்டியைச் சுத்தம் செய்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். பெட்டியையும் தட்டையும் கொதிக்கும் நீரிலோ, பிளீச்சிங் பவுடர் கரைசலிலோ கழுவி, வெயிலில் காயவிடுங்கள். வீட்டில் வேறு முயல்கள் இருந்தால், தீவனத் தட்டு, தண்ணீர்க் கிண்ணத்தைத் தனியாக வையுங்கள். அவற்றையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.